தரைமேல் அளந்து தரைக்கீழ் அறிதல்: நேர்மாறு கணக்குகளின் ஆய்வுலகம்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கங்களில், போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவதற்கு முன் ‘பாயிண்ட்’, அதாவது நீர் கிடைக்கும் இடம், பார்ப்பது வழக்கம். தேங்காயையும் வேப்பங்குச்சியையும் நம்புகிறவர்கள் ஒருபுறம் இருக்க, நிலவியல் படித்தவர்களை மின்தடைக் கருவியோடு வரவழைத்துப் பார்ப்பதும் உண்டு. அப்படி வருகிறவர் வயலில் செய்யும் வேலை, பயன்பாட்டுக் கணிதத்தில் ‘நேர்மாறு கணக்குகள்’ என்று வழங்கும் ஒரு பெரிய துறையின் மிக எளிய வடிவம். அந்தத் துறைக்கென்று தனி ஆய்விதழ்களும், இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் உலக மாநாடும் உள்ளன. அவற்றில் என்ன பேசப்படுகிறது, அவை ஏன் தேவைப்பட்டன என்பதை விளங்கிக்கொள்ள அந்த வயலிலிருந்தே தொடங்குவதுதான் வசதி.

வயலின் நடுவே ஒரு புள்ளியைக் குறித்து, அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு இரும்புக் கம்பிகளைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். வெளியே உள்ள இரண்டு கம்பிகளின் வழியாக மண்ணுக்குள் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. உள்ளே உள்ள இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைக் கருவி காட்டுகிறது. காய்ந்த மண்ணில் கம்பி சரியாகப் பிடிக்காது என்பதால் அதன் அடியில் தண்ணீர், சில வேளை உப்புத் தண்ணீர், ஊற்றுவார்கள். வெளிக்கம்பிகளை முதலில் நடுப்புள்ளியிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளியும், பிறகு 5, 10, 20 என்று படிப்படியாக நகர்த்தி 100 மீட்டர் வரையிலும் நட்டு ஒவ்வொரு முறையும் அளவெடுப்பார்கள். இடைவெளி கூடக்கூட மின்னோட்டம் ஆழமாக இறங்கும். ஆகவே அகன்ற இடைவெளியில் எடுத்த அளவில் ஆழத்தின் செய்தி கூடுதலாகக் கலந்திருக்கும். ஒவ்வொரு அளவிலிருந்தும் ‘தோற்ற மின்தடை எண்’ என்ற மதிப்பை, அதாவது நிலம் முழுவதும் ஒரே வகையாக இருந்தால் அது மின்சாரத்தை எவ்வளவு தடுப்பதாகத் தோன்றும் என்பதை, கணக்கிட்டு மடக்கைத் தாளில் குறித்தால் ஒரு வளைவு கிடைக்கிறது. அந்த வளைவுதான் கையில் உள்ள சான்று. அதற்குக் காரணமான அடுக்குகள், அதாவது எத்தனை மீட்டர் மண், அதன் கீழே எத்தனை மீட்டர் சிதைந்த பாறை, எந்த ஆழத்தில் கெட்டிப் பாறை என்பவை, கண்டறிய வேண்டியவை.

அடுக்குகள் தெரிந்திருந்தால் வளைவைக் கணிப்பது நேர் கணக்கு. அதற்கு ஒரே விடைதான் உண்டு. வளைவிலிருந்து அடுக்குகளைக் கணிப்பது நேர்மாறு கணக்கு. தொல்லை முழுவதும் இங்கேதான். மேலே 10 மீட்டர் மண், அதன் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர். அடியில் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் கொண்ட கெட்டிப் பாறை. இரண்டுக்கும் நடுவில் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் மெல்லிய அடுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அந்த நடு அடுக்கு 2 மீட்டர் தடிப்பும் 10 ஓம்-மீட்டரும் கொண்டதா, 4 மீட்டர் தடிப்பும் 20 ஓம்-மீட்டரும் கொண்டதா? தடிப்பை மின்தடை எண்ணால் வகுத்தால் இரண்டிலும் 0.2 தான் வருகிறது. தரையில் எடுக்கும் வளைவு பெரும்பாலும் அந்த வகுபலனை மட்டுமே உணர்வதால் இரண்டு வளைவுகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். அளவீட்டில் சில விழுக்காடு பிழை இருந்தாலே போதும், இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் நிலத்துக்காரருக்கு இரண்டும் ஒன்றாகாது. கடலோரத்தில் 10 ஓம்-மீட்டர் என்பது களிமண்ணையோ உவர்நீரையோ குறிக்கலாம். 20 என்பது பயன்படுத்தத்தக்க நீருள்ள சிதைந்த பாறையாக இருக்கலாம். புவி இயற்பியலில் இதைச் சமானக் கோட்பாடு என்பார்கள். பாயிண்ட் பார்த்தவர் தவறிவிட்டார் என்று ஊரில் பழி சொல்லப்படும் சந்தர்ப்பங்களில் சிலவேனும், ஒரே வளைவுக்குப் பல நிலங்கள் பொருந்தும் இந்த இயல்பின் விளைவாகவே இருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கணிதத் தேற்றம் நிற்கிறது என்பது வியப்பானது. 1933இல் அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஸ்லிக்டரும் கணிதவியலாளர் லாங்கரும், மின்கடத்து எண் (மின்தடை எண்ணின் தலைகீழ்) ஆழத்தைப் பொறுத்து மட்டுமே மாறும் நிலத்தில், தரைமேல் மின்னழுத்தத்தைப் பிழையே இல்லாமல் எல்லா இடங்களிலும் அளந்துவிட்டால் அடியில் உள்ள அமைப்பு ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று காட்டினார்கள். தேற்றம் ‘விடை ஒன்றுதான்’ என்கிறது. வயலோ ‘எனக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது’ என்கிறது. இரண்டும் மெய். இடையிலுள்ள முரணைப் புரிந்துகொள்ள, பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹடமார் 1902இல் வகுத்த மூன்று நிபந்தனைகள் உதவுகின்றன: விடை இருக்க வேண்டும், ஒன்றாக இருக்க வேண்டும், தரவில் சிறு மாற்றம் ஏற்பட்டால் விடையிலும் சிறு மாற்றமே ஏற்பட வேண்டும். நேர்மாறு கணக்குகள் பெரும்பாலும் இடறி விழுவது மூன்றாவது நிபந்தனையில். இயற்பியலில் பொருளுள்ள எந்தக் கணக்கும் மூன்றையும் நிறைவுசெய்யும் என்று ஹடமார் கருதினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை என்பதற்கு இந்தத் துறை முழுவதுமே சான்று.

ஆழத்தோடு மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் மாறும் நிலத்துக்கு இதே கேள்வியைக் கேட்டவர் அர்ஜென்டினாவின் ஆல்பர்ட்டோ கால்டெரோன். பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் கணிதவியலாளர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட இவர், 1940களில் அந்நாட்டின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். எண்ணெய் தேடுவதற்காக நிலத்தின் மின்தடையை அளக்கும் வேலையிலிருந்துதான் இந்தக் கேள்வி அவருக்கு எழுந்தது. ஒரு பொருளின் விளிம்பில் எந்த மின்னழுத்தத்தைக் கொடுத்தாலும் எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்பது முழுவதும் தெரிந்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் மின்கடத்து எண் என்ன என்று சொல்ல முடியுமா? பல ஆண்டுகள் மனத்திலேயே இருந்த இதை அவர் வெளியிட்டது 1980இல். அதுவும் பெரிய ஆய்விதழ் எதிலும் இல்லை. ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் கணிதக் கழகம் நடத்திய ஒரு கருத்தரங்கின் தொகுப்பில், சில பக்கக் கட்டுரையாக. அந்தச் சில பக்கங்களிலிருந்து கிளைத்த ஆய்வு இன்றும் ஓயவில்லை. முப்பரிமாணத்திலும் அதற்கு மேலும், மின்கடத்து எண் சீராக மாறுமானால், விடை ஒன்றுதான் என்று சில்வெஸ்டரும் உல்மனும் 1987இல் நிறுவினார்கள். இருபரிமாணத்துக்கு நாக்மன் 1996இல் விடை கண்டார். சீர்மை பற்றிய நிபந்தனையே இல்லாமல் இருபரிமாணக் கணக்கை அஸ்தலாவும் பைவரின்தாவும் 2006இல் முடித்தார்கள். இம்மூன்றும் வெளிவந்தது கணிதத்தின் உச்ச இதழ்களில் ஒன்றான ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’.

பாயிண்ட் பார்க்கிறவருக்கு இவற்றைவிட நெருக்கமானவை வேறு இரண்டு கட்டுரைகள் என்பது என் எண்ணம். 1988இல் இத்தாலியின் அலெஸாண்ட்ரினி, உள்ளமைப்பைக் கணிப்பதில் நேரும் பிழைக்கு ஓர் உச்சவரம்பு கொடுத்தார். அந்த வரம்பு அளவீட்டுப் பிழையின் மடக்கையைச் சார்ந்தது. எளிய வடிவில் சொன்னால், நூறில் ஒரு பங்காக இருந்த அளவீட்டுப் பிழையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் உள்ளே தெரியும் படத்தின் பிழைவரம்பு பாதியாகும். வரம்பு இவ்வளவு மோசமாக இருப்பது நிறுவல் முறையின் குறையோ என்று ஐயம் இருந்தது. 2001இல் மண்டாக்கே அந்த ஐயத்தை நீக்கினார்: இதைவிட நல்ல வகையான வரம்பு பொதுவாகக் கிடைக்காது. விலை கூடிய கருவி வாங்கினால் ஆழத்தில் உள்ளதெல்லாம் துல்லியமாகத் தெரிந்துவிடும் என்று விற்பனையாளர் சொல்லும்போது நினைவில் வைத்துக்கொள்ளத் தக்க முடிவு இது. இன்னொன்றும் உண்டு. தேற்றங்கள் பல, பொருளைச் சுற்றிலும் அளக்க முடியும் என்று கொள்கின்றன; வயலிலோ தரைமேல் மட்டுமே கம்பி நட முடியும். விளிம்பின் ஒரு பகுதியில் மட்டும் அளக்கும் நிலையைப் பற்றிக் கெனிக், ஸ்யோஸ்த்ராண்ட், உல்மன் ஆகிய மூவரும், தனியாக இசாக்கோவும், 2007இல் முக்கியமான முடிவுகளை வெளியிட்டார்கள்; எனினும் முப்பரிமாணத்தில் இந்தக் கேள்வி பொது நிலையில் இன்னும் முழுதாக முடியவில்லை.

மேலே சொன்ன வரலாற்றில் ஒன்றைக் கவனிக்கலாம். எண்ணெய்ப் பொறியாளராக இருந்தவரின் கேள்வி ஒரு கருத்தரங்குத் தொகுப்பில் கிடந்தது. நிலத்தடி மின்தடை பற்றிய ஸ்லிக்டரின் கட்டுரை இயற்பியல் இதழில், லாங்கரின் கட்டுரை கணித இதழில். இந்தச் சிதறல் விதிவிலக்கன்று; இத்துறையின் முதல் ஐம்பது, அறுபது ஆண்டுகள் முழுவதும் இப்படித்தான் கழிந்தன. 1917இல் ஆஸ்திரியக் கணிதவியலாளர் ராடோன், ஒரு சார்பின் மதிப்புகளைப் பல கோடுகள் வழியாகத் தொகுத்த மதிப்புகளிலிருந்து அச்சார்பையே மீட்க முடியும் என்று லைப்சிக்கில் வெளியான கல்விக்கழக அறிக்கை ஒன்றில் நிறுவினார். இன்றைய சி.டி. ஸ்கேனின் கணித அடிப்படை அதுவே. ஆனால் எக்ஸ்கதிர்களைக் கொண்டு உடலின் குறுக்குவெட்டைக் காணும் கணக்கை 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கோர்மக்குக்கு ராடோனின் கட்டுரை இருப்பதே தெரியாது. பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அவருடைய கட்டுரைகளுக்கும் அப்போது வரவேற்பு இல்லை. படி கேட்டு வந்த கடிதங்களில் சுவையானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது என்று அவர் தம் நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி 1971இல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1979இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ராடோன் 1956இலேயே மறைந்துவிட்டார். அதிர்வெண்களைக் கொண்டு அதிரும் பொருளின் இயல்பை அறிய முடியுமா என்று 1929இல் வானியலாளர் அம்பர்ட்சுமியன் எழுதிய கட்டுரைக்கும் இதே கதிதான். 1946இல் ஸ்வீடனின் போர்க் அதே பாதையில் பெருந்தொலைவு போனபோதுதான் அது கவனம் பெற்றது.

ஒரே கணிதம் புவி இயற்பியலில் ஒரு பெயரிலும் மருத்துவத்தில் வேறொரு பெயரிலும் வானியலில் இன்னொரு பெயரிலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டு, தனித்தனியாக மறக்கப்பட்டது. இதற்கு மருந்தாகவே தனி இதழ்கள் வந்தன. 1985இல் பிரிட்டனின் இயற்பியல் கழகப் பதிப்பகம் ‘இன்வர்ஸ் ப்ராப்ளம்ஸ்’ இதழைத் தொடங்கியது. மண்டாக்கேயின் கட்டுரை வந்தது இதில்தான். ‘ஜர்னல் ஆஃப் இன்வர்ஸ் அண்ட் இல்-போஸ்ட் ப்ராப்ளம்ஸ்’ 1993இல் தொடங்கியது. கணிதவியலாளர் டிகோனோவின் வழியில் வந்த ரஷ்ய மரபின் செல்வாக்கை அதில் காணலாம். ‘இன்வர்ஸ் ப்ராப்ளம்ஸ் அண்ட் இமேஜிங்’ 2007இல் வந்தது. இசாக்கோவின் மேற்சொன்ன முடிவு அதன் முதல் தொகுதியில் உள்ளது. புவி இயற்பியலாளர்களின் சொந்த இதழ்களும் இன்றியமையாதவை: மின்தடை வளைவைக் கணினியில் விரைவாகக் கணக்கிட வழிசெய்த கோஷின் வடிகட்டி முறை 1971இல் ‘ஜியோபிசிக்கல் ப்ராஸ்பெக்டிங்’ இதழில் வந்தது.

மாநாடுகளில் முதன்மையானது ‘அப்ளைட் இன்வர்ஸ் ப்ராப்ளம்ஸ்’ என்ற பெயரில் நடப்பது. 2001இல் இத்தாலியின் மோன்டெகத்தினியில் தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை வியன்னா, ஹெல்சிங்கி, ஹாங்ஜோ, கிரெனோபிள் என்று ஊர் மாறி நடந்து வருகிறது. கொரோனாவால் 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய் 2023இல் கோட்டிங்கனில் நடந்தது. 2025இல் ரியோ டி ஜெனிரோவில் கூடியது. இந்த மாநாட்டில்தான் இளம் ஆய்வாளர்களுக்கான கால்டெரோன் பரிசு வழங்கப்படுகிறது. பெரிய உரைகளைவிட, ஒரே தலைப்பில் சிலர் சேர்ந்து நடத்தும் சிற்றரங்குகளே இதன் உயிர். அங்கே அல்ட்ராசவுண்ட் பொறியாளரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு பார்க்கிறவரும் அடுத்தடுத்துப் பேசுவார்கள். இந்தியாவில் இவ்வகை ஆய்வுக்கு நெடுநாள் இடமாக இருப்பது பெங்களூரிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணித மையம். சென்னை ஐ.ஐ.டி.யில் எம். தம்பான் நாயர், நிலையற்ற சமன்பாடுகளை ஒழுங்காக்கும் முறைகளில் பல்லாண்டு பணியாற்றியவர். நம் பக்கத்துக் கல்லூரிகளின் கணிதக் கருத்தரங்குகளோ ‘அண்மைக்காலப் போக்குகள்’ என்ற தலைப்பில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்கின்றன. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அதிலேயே நிற்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்துறைக் கட்டுரை ஒன்றைக் கையில் எடுக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அளவீட்டோடு கூடுதலாக எந்தத் தகவல் உள்ளே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை. தரவு மட்டும் விடையைத் தீர்மானிக்காதபோது, விடை எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே ஏதாவது கொண்டாக வேண்டும். டிகோனோவ் 1963இல் பொதுமைப்படுத்திய ஒழுங்காக்க முறையின் சாரம் இது: தரவோடு பொருந்தும் விடைகளில், தேவையின்றி ஏறி இறங்காத ஒன்றைத் தேர்ந்துகொள். எவ்வளவு பொருந்தினால் போதும் என்பதை அளவீட்டுப் பிழையின் அளவே சொல்லும் என்று மொரொசோவ் 1966இல் விதி வகுத்தார். பிழை ஐந்து விழுக்காடாக இருக்கும்போது ஒரு விழுக்காட்டுக்குள் பொருத்திக் காட்டுகிறவர், மண்ணோடு சேர்த்துத் தம் கருவியின் இரைச்சலையும் படம் வரைந்திருக்கிறார் என்றே பொருள்.

நம் வயலில் அந்தக் கூடுதல் தகவல் எங்கே கிடைக்கும்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர் போட்டபோது ரிக் வண்டிக்காரர் கொடுத்த பில்லில் கிடைக்கும். கெட்டிப் பாறையில் போடும் போரில் கேசிங் பைப் மண்ணையும் சிதைந்த பாறையையும் கடந்து கெட்டிப் பாறையில் உட்காரும் வரையில்தான் இறங்கும். அடிக்கு இவ்வளவு என்று அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதால் நீளம் பில்லில் இருக்கும். அந்த நீளம் கெட்டிப் பாறை எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதன் நேரடி அளவு. மேலே பார்த்த எடுத்துக்காட்டில், 2 மீட்டரா 4 மீட்டரா என்று வளைவால் சொல்ல முடியாதபோது, கேசிங் 39 அடியில் நின்றதா 46 அடியில் நின்றதா என்பது சொல்லிவிடும். ஒரு கிராமத்தில் உள்ள எல்லாப் போர்களின் கேசிங் நீளத்தையும் குறித்து வைப்பது, இன்னொரு கருவி வாங்குவதைவிடப் பயன் தரும். கணிதக் கட்டுரைகள் ‘முன்தகவல்’ என்று பொதுவாகக் குறிப்பிடுவதற்கு இதைவிடத் தெளிவான உருவம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, புதிய முறையை எதைக் கொண்டு சோதித்தார்கள் என்பது. தாமே கணினியில் உண்டாக்கிய தரவை, அதே கணினி மாதிரியைக் கொண்டு தலைகீழாக்கினால் விடை அழகாகத்தான் வரும். கோல்டனும் கிரெஸும் இதற்கு ‘நேர்மாறு குற்றம்’ என்று வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இதைத் தவிர்க்க மெய்யான அளவீடுகள் வேண்டும். பின்லாந்து ஆய்வாளர்கள் அக்ரூட் கொட்டை ஒன்றையும், துளைகளில் பலவகைப் பொருட்களைச் செருகிய தாமரைக் கிழங்குத் துண்டு ஒன்றையும் எக்ஸ்கதிரில் படமெடுத்து, அந்தத் தரவை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். 2022இல் ஹெல்சிங்கியிலும் 2023இல் குவோபியோவிலும் இதே போக்கில் போட்டிகள் நடந்தன. இரண்டாவது போட்டி கால்டெரோனின் கணக்கையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தது: தொட்டியின் விளிம்பில் எடுத்த மின் அளவுகளிலிருந்து உள்ளே இருப்பதைக் கண்டறிய வேண்டும். இயந்திரக் கற்றல் வந்த பிறகு இந்தக் கண்டிப்பு இன்னும் தேவைப்படுகிறது. ஆந்துனும் உடனாய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஆழ்கற்றல் வலையமைப்புகள் சில, கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றத்தாலேயே மருத்துவப் படத்தில் இல்லாத உருக்களை உண்டாக்குவதையும், இருக்கிற நுண்பகுதியை அழித்துவிடுவதையும் காட்டியது. நிலையின்மை கணக்கின் இயல்பிலேயே இருப்பதால், நிரல் எவ்வளவு புதியதானாலும் அதைக் கழித்துவிட முடியாது.

மேல்நோக்கிப் பார்க்கும் நேர்மாறு கணக்கும் இந்தச் சீமையில் உண்டு. சிற்பத் தூண்களால் பெயர்பெற்ற கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகம் உள்ளது. காந்த நடுக்கோடு (காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) திருநெல்வேலிக்கு மிக அருகே செல்வதால், பகல் வேளையில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் வலிய மின்னோட்டம் இங்கே தலைக்கு மேல் அமைகிறது. தரையிலுள்ள காந்தமானியில் அதன் விளைவு பல பத்து நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் சிற்றலகு) ஏற்றமாகப் பதிவாகும். காந்த நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் மும்பை அருகேயுள்ள அலிபாக் நிலையத்தின் ஏற்றத்தைத் திருநெல்வேலியின் ஏற்றத்திலிருந்து கழித்து, அந்த மின்னோட்டத்தின் வலிமையை மதிப்பிடுகிறார்கள். மும்பையில் டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாற இருந்ததால், அந்த மின்சாரம் காந்த அளவீட்டைக் குலைக்கும் என்று, கொலாபாவிலிருந்த காந்த ஆய்வகம் அலிபாகுக்குப் போனது என்பது இடையில் சொல்லத்தக்க செய்தி.

கழித்தல் எளிதாகத் தோன்றினாலும் அதனுள் எடுகோள்கள் உள்ளன: உலகளாவிய காந்த மாறுபாடு இரண்டு ஊர்களிலும் ஒரே அளவில் தெரிகிறது என்பது ஒன்று, மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் தூண்டப்படும் மின்னோட்டங்கள் கணக்கைக் குழப்பவில்லை என்பது இன்னொன்று. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட பகுதியில் மின்கடத்தல் மிகுந்திருப்பதைக் காந்தமானி வரிசைகள் காட்டியிருப்பதால், இரண்டாவது எடுகோளை நம் கரையில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. புவியைச் சுற்றிலும் தரைமேல் அளந்தால் உள்ளிருந்து வரும் காந்தப்புலத்தையும் வெளியிலிருந்து வருவதையும் பிரிக்க முடியும் என்று காவுஸ் 1839இலேயே காட்டினார். ஆனால் வெளியிலுள்ள மின்னோட்டம் எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதைத் தரை அளவீடு மட்டும் தீர்மானிக்காது. 105 கிலோமீட்டரில் ஓடும் மின்னோட்டத்துக்குப் பதிலாக வேறு உயரத்தில், வேறு வகையில் தாள்போல் பரவிய மின்னோட்டத்தை வைத்தாலும் தரையில் அதே புலம் கிடைக்கும். வயலில் கண்ட சமானம் வானத்திலும் அப்படியே இருக்கிறது. வயலில் கேசிங் பைப் தீர்த்துவைத்ததை இங்கே ராக்கெட் தீர்த்துவைத்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அதையடுத்த ஆண்டுகளில் காந்தமானி பொருத்திய ராக்கெட்டுகள் அந்த மின்னோட்டத்தை ஊடுருவிச் சென்று அதன் உயரத்தை நேரில் அளந்தன. தரையிலிருந்து எடுக்கும் அன்றாட மதிப்பீடுகள் இன்றும் அந்த நேரடி அளவுகளை ஊன்றியே செய்யப்படுகின்றன.